உலக டார்ட்ஸ் பட்டியலில் என் மனைவி

டார்ட்ஸ் போட்டியில் புள்ளி எழுதுகிறவன் பலகையைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். எறிகிறவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இது விதி. என் மனைவி எஸ்தர்பாய் விளையாடிய காலமெல்லாம் நான் அப்படித்தான் நின்றேன். அவள் எறிந்த அம்பு வந்து குத்துவதைப் பார்ப்பேன், கூட்டிக் கழித்து எழுதுவேன். எறியும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவளை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது முகத்தைப் பார்க்க முடிந்தது. திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. மே மாதக் கடைசி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, கதவு திறக்க அட்டெண்டர் காத்துக்கொண்டிருந்தார். பச்சைத் தொப்பிக்குள் அவள் முடியைத் திணித்திருந்தார்கள். ஆயுசெல்லாம் நர்ஸாக இருந்தவள். உள்ளே என்ன செய்வார்கள் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் கேட்டாள்: "அந்த ரெண்டு எஸ்தரையும் ஒண்ணாக்கிட்டாங்களா? ஒண்ணாந்தேதி லிஸ்டு வரும். வந்த உடனே வந்து சொல்லணும், கேட்டியளா?"

இரண்டு எஸ்தர் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்ல நான் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். உங்களில் எவராவது ஏதாவது ஒரு சங்கத்துக்கு, அது கைப்பந்தோ சர்ச் கமிட்டியோ, செயலாளராக இருந்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருந்தால், பாதிக் கதை உங்களுக்கே தெரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொறுத்துக்கொண்டேன்.

மணி பார்க்க முடியாத கடிகாரம்

எஸ்தர் கல்ஃபில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று சதுரமாக, கனமாக இருந்தது. அதில் ரொம்ப விலைகூடிய ஏதோ இருக்கிறது என்று எங்கள் சொந்தக்காரர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். குன்னத்துகாலிலிருந்தும் திருப்புறத்திலிருந்தும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெட்டியைப் பிரித்தேன். உள்ளே வட்டமாக, கறுப்பும் வெள்ளையும் பச்சையும் சிவப்புமாக ஒரு டார்ட்ஸ் பலகை. நர்ஸ் ஹாஸ்டலில் டியூட்டி முடிந்து வருகிற பெண்கள் தூக்கம் வராமல் எறிந்து விளையாடுவார்களாம். அங்கே கற்றுக்கொண்டாள்.

சோப்பும் போர்வையும் எதிர்பார்த்து வந்தவர்கள் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் எண்கள் உண்டு, ஆனால் வரிசையாக இல்லை. உச்சியில் இருபது, அடியில் மூன்று. என் தங்கை ரெஜினா கிட்டே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முள் எங்கே என்று பின்பக்கமும் தடவிப் பார்த்தாள். கடைசியில் எஸ்தரிடம் வருத்தத்தோடு கேட்டாள்: "மைனி, இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தியளே, இருவது மணியில ஓடுற கிளாக்க வச்சு நம்ம ஊருல என்ன செய்யது?"

உலகம் எத்தனை

குன்னத்துகாலில் ஒரு நூலகத்தின் மாடியில் அந்தப் பலகையை மாட்டினோம். கிளப் ஆரம்பமானது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வில்சன் அண்ணன் தலைவர். நான் பாறசாலையில் டிவி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன். டிவி மெலிந்து சுவரோடு ஒட்டிய பிறகு கடையைச் சாத்திவிட்டேன். சும்மா இருக்கிறவன் நான்தான் என்பதால் செயலாளர், புள்ளி எழுதுகிறவர், கடிதம் எழுதுகிறவர் எல்லாம் நானே. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனில்லை. விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். படித்தபிறகு தலைவலிதான் மிச்சம்.

டார்ட்ஸுக்கு உலகத்தில் ஒரே தலைமை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து நடத்துகிற உலகச் சம்மேளனம் ஒன்று. தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து டிவிக்காகப் போட்டி நடத்துகிற கம்பெனி ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி உலகச் சாம்பியன். கம்பெனி, இரண்டு வருடத்தில் யார் எவ்வளவு பரிசுப்பணம் ஜெயித்தார் என்று பார்த்து வரிசை போடும். சம்மேளனம் புள்ளி போடும். பெரிய போட்டிக்கு நிறையப் புள்ளி, சின்னப் போட்டிக்குக் கொஞ்சம். வாங்கிய புள்ளிக்கு ஒரு வருடம்தான் ஆயுள். அடுத்த வருடம் அந்தப் போட்டி வரும்போது பழையது உதிர்ந்துவிடும். நாங்கள் சம்மேளனத்துக்குக் கீழே. சம்மேளனத்தின் கீழ் தேசியச் சங்கம், அதன் கீழ் மாநிலச் சங்கம், அதன் கீழ் மாவட்டம், எல்லாவற்றுக்கும் கீழே நூலக மாடியில் நாங்கள்.

இதையெல்லாம் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விளக்கினேன். தொண்டை வறண்டுவிட்டது. வில்சன் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தார். "எலே ராஜையா, உலகம் ரெண்டு, சாம்பியனும் ரெண்டு, எல்லாம் கொள்ளாம். நம்ம கிளப்பில போர்டு ஒண்ணாக்கும், அதுக்க மேல உள்ள பல்பு எரியல்ல. நீ முதல்ல அதப் பாரு."

எந்தப் பக்கத்து ஆள்

எஸ்தர் நன்றாகவே எறிந்தாள். ஐநூற்றி ஒன்றிலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். முடிக்கிற அம்பு, பலகையின் ஓரத்தில் இரட்டைப் புள்ளி தருகிற ஒல்லியான வளையத்தில் விழ வேண்டும். அதற்கு டபுள் என்று பெயர். அவள் முடிப்பது எப்போதும் டபுள் பதினாறில். மாவட்டத்தில் அவளை ஜெயிக்க ஆளில்லை என்றானதும் உலகப் பட்டியலுக்குப் புள்ளி தருகிற போட்டிக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டோம். அதற்கு மாநிலச் சங்கத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம், கேரளம். அவள் பிறந்த வீடு களியக்காவிளை தாண்டி, தமிழ்நாடு. ஆட்டோவில் ஏறி ஒரு கதை பேசி முடிப்பதற்குள் போய்விடலாம். கல்யாணத்துக்கு முன்பே வெளிநாடு போனவள் என்பதால் பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டு முகவரியும் அப்பா தேவசகாயத்தின் பெயரும். ஆதாரில் எங்கள் வீட்டு முகவரியும் என் பெயரும். கேரளச் சங்கத்துக்கு போன் செய்தால், பாஸ்போர்ட் தமிழ்நாடு, அங்கே போங்கள் என்றார்கள். தமிழ்நாட்டுக்குப் போன் செய்தால், கிளப் கேரளா, அங்கேயே கேளுங்கள் என்றார்கள். அந்த எல்லையில் சோதனைச்சாவடி தாண்டி தினமும் பால்காரனும் மீன்காரனும் போய் வருகிறார்கள். ஓர் அம்புக்காரி போக முடியவில்லை.

ஒருநாள் கேரளச் சங்கத்துக்காரருக்கே பொறுமை போய்விட்டது. "சேட்டா, சேச்சி சரிக்கும் எவிடத்தெ ஆளா?" என்று கத்தினார். போனைக் கையால் மூடிக்கொண்டு எஸ்தரிடம் கேட்டேன். அவள் பலகையிலிருந்து அம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "டபுள் பதினாறுக்க ஆளாக்கும்ணு சொல்லுங்க."

அப்பாவின் பெயர்

கடைசியில் தமிழ்நாடு இரங்கியது. பாஸ்போர்ட்டைப் பார்த்து, எஸ்தர்பாய் தேவசகாயம் என்று பதிந்தார்கள். நவம்பரில் வடக்கே ஒரு நகரத்தில் போட்டி. ரயிலில் போனோம். வழி முழுக்க அவள் மடியில் அம்புப் பெட்டி. பெண்கள் பிரிவில் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கால் இறுதி வரைக்கும் வந்தாள். அவள் எதிரே நின்றவர்கள் அவள் பிள்ளைகளாக இருக்கிற வயசு.

டிசம்பர் பட்டியலில் அவள் பெயர் வந்தது. போனில் விரலால் தள்ளித் தள்ளி, எங்கேயோ அடியில் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று எல்லோருக்கும் காட்டினேன். நான் இப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை. எஸ்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறைய நேரம் பார்த்தாள். "பேருக்க பின்னால அப்பாவும் வந்திருக்காரே. இருந்திருந்தா, எவனுக்க கண்ணுல குத்தி இந்த லிஸ்டுல பேரு வந்துதுண்ணு கேப்பாரு."

இரண்டு எஸ்தர்கள்

ஜனவரியில் கேரளம் விழித்துக்கொண்டது. எங்கள் கிளப்பில் ஆடுகிறவர் வெளிமாநிலப் பதிவில் போனால் கிளப்பின் அங்கீகாரம் போய்விடும் என்று கடிதம். சரி என்று கேரளத்திலும் பதிந்தோம். அவர்கள் ஆதாரைப் பார்த்து, எஸ்தர்பாய் ராஜையன் என்று பதிந்தார்கள். பிப்ரவரியில் இன்னொரு போட்டி. அதில் அரை இறுதி.

மார்ச் பட்டியலைத் திறந்தால் இரண்டு எஸ்தர். தேவசகாயத்தின் எஸ்தர் ஓரிடத்தில், ராஜையனின் எஸ்தர் ஓரிடத்தில். நடுவில் பல நாட்டுப் பெண்கள். இது சிரித்துவிட்டுப் போகிற காரியமாக இருந்திருக்கும். ஆனால் செப்டம்பரில் ஆசிய நாடுகளின் போட்டிக்கு நம் நாட்டுப் பெண்கள் அணி போகிறது, ஜூன் மாதப் பட்டியலில் நம் நாட்டில் முதல் மூன்று இடத்தில் இருப்பவர்கள்தான் அணி என்று தேசியச் சங்கம் அறிவித்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஓர் எஸ்தர் ஐந்தாவது, ஓர் எஸ்தர் எட்டாவது. இரண்டையும் கூட்டினால் மூன்றாவது. நாட்டுக்காக ஆடுகிற சட்டை, முதுகில் பெயர் எழுதியது, அவளுக்குக் கிடைக்கும். அவள் வாய்விட்டு ஆசைப்பட்டு நான் கேட்ட பொருள் அது ஒன்றுதான்.

இந்தக் கணக்கை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் கேட்டாள்: "எனக்கு ஒரே பேருதான் உண்டு. ஒரு பக்கம் அப்பனையும் ஒரு பக்கம் மாப்பிளையையும் இவங்க எதுக்குக் கெட்டி விடணும்? எஸ்தர்பாய்ண்ணு மட்டும் எழுதினா பட்டியலு பிஞ்சு போவுமா?"

இப்போது எல்லோருக்கும் வேண்டும்

உலகச் சம்மேளனத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: திருத்தம் தேசியச் சங்கம் வழியாக வர வேண்டும். தேசியச் சங்கத்துக்கு எழுதினேன். மாநிலச் சங்கம் வழியாக வர வேண்டும். எந்த மாநிலம்? இரண்டும். இரண்டில் ஒன்று, இந்த ஆட்டக்காரர் எங்கள் ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதில் சேர்த்துவிடுவோம் என்றார்கள். எனக்குச் சந்தோஷம். எங்கள் ஆள் இல்லை என்று சொல்வதுதான் இவர்கள் இரண்டு பேருக்கும் கைவந்த தொழிலாயிற்றே.

நண்பர்களே, சங்கங்களை எடைபோடுவதில் நான் எப்போதும் தோற்றிருக்கிறேன். புள்ளியில்லாத எஸ்தர் யாருக்கும் வேண்டாம். புள்ளியுள்ள எஸ்தர் இரண்டு பேருக்கும் வேண்டும். உலகப் பட்டியலில் பெயருள்ள ஆளை விட்டுக்கொடுத்தால் தங்கள் மாநிலத்துக்கு அணியில் ஆளிருக்காது என்று கேரளம் கையை விரித்தது. இரண்டு மாநிலமும் பங்குபோடுகிற அணைத் தண்ணீர்போல் இதிலும் பேச்சுவார்த்தை. மார்ச் போனது, ஏப்ரல் போனது. சென்னைக்குப் போன் செய்து, ஐயா, ஓர் எஸ்தரையாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பக்கம் பேசியவர் ரொம்ப அன்பாகச் சொன்னார்: "என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? ரெண்டு எஸ்தருமே எங்க எஸ்தர்தான் சார்."

பல்பு

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் நூலக மாடியில் பயிற்சி. நான் பலகையைப் பார்த்து நின்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்பெல்லாம் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. இருபதுக்குக் குறிவைத்தது நடுவில் குத்தியது. நடுவுக்கு வைத்தது அடியில் மூன்றில் போய்க் குத்தியது. பல்பு மங்கலோ என்று ஏறித் துடைத்தேன். மறுபடி அதே மாதிரி. கொஞ்சம் மேலே எறி என்று பலகையைப் பார்த்தபடியே சொன்னேன்.

கொஞ்ச நேரம் அம்பு வரவில்லை. அப்புறம் அவள் குரல்தான் வந்தது. "போர்டும் பல்பும் அதது இருந்த இடத்துலதான் இருக்கு. வயிறு வலிக்கு, அதனால கை எறங்குது. அது எனக்குத் தெரியும். நீங்க விழுந்தத மட்டும் எழுதுங்க."

ஒன்றாந்தேதி

ஆபரேஷன் முடிந்தும் அவள் கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து, முற்றத்தில் கட்டின தார்ப்பாயின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பொழியூரிலிருந்து வந்தவர்கள் கடல் ரோட்டை எடுத்துக்கொண்டு போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தேதி ஒன்று என்பது எனக்கு ஓர்மையில்லை. வில்சன் அண்ணனுக்கு இருந்தது.

அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தள்ளிக்கொண்டேயிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். சங்கங்களின் சண்டை தீராததைப் பார்த்து, உலகச் சம்மேளனத்தில் யாரோ ஒருவர் இரண்டு எஸ்தரையும் தானே சேர்த்துவிட்டிருந்தார். எந்த மாநிலத்தையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றோ என்னவோ, தேவசகாயத்தையும் எடுத்துவிட்டார், ராஜையனையும் எடுத்துவிட்டார். எஸ்தர்பாய். அவ்வளவுதான். வில்சன் அண்ணன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மக்கா, பிள்ளை மூணாவது."

ஆட்டக்காரர் கையெழுத்து

இரண்டு வாரம் கழித்து தேசியச் சங்கத்தின் தென்மண்டலப் பொறுப்பாளர் கூப்பிட்டார். வாழ்த்துச் சொன்னார். சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும், மேடத்தின் அளவு என்ன, முதுகில் என்ன பெயர் போடலாம் என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அப்புறம், அவரும் ஒரு சங்கத்துக்காரர்தானே, தொண்டையைச் செருமிக்கொண்டார். நாலாவது இடத்துப் பெண்ணை அழைக்க வேண்டும் என்றால் மூன்றாவது இடம் முறைப்படி காலியாக வேண்டுமாம். விதியில் மூன்று வழிதான் உண்டு: விலகல், இடைநீக்கம், ஊக்கமருந்துக் குற்றம். சாவு என்ற வழியை யாரும் எழுதி வைக்கவில்லை. நான் அந்தப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தவன். அவர் சொன்னது சரி. "இருக்கிறதுல விலகல்தான் சார் கௌரவம். ஒரு லெட்டர் மட்டும் அனுப்பிடுங்க. ஆட்டக்காரர் கையெழுத்து இருக்கணும்."

ஏறுமுகம்

இறப்புச் சான்றிதழை நெய்யாற்றின்கரையில் நகலெடுத்து இரண்டு மாநிலம், தேசியச் சங்கம், உலகச் சம்மேளனம் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். நாலாவது இடத்துப் பெண் செப்டம்பரில் போனாள். நன்றாக ஆடினாள் என்று கேள்விப்பட்டேன். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதைப் பற்றி உலகச் சம்மேளனம் தனியாகப் பதில் எழுதியது. இரங்கல் தெரிவித்திருந்தார்கள். புள்ளிகள் முறையாக ஆடி வாங்கியவை, அவற்றின் தேதி வரும்போது அவையாக உதிரும், அதற்கு முன் எடுக்க யாருக்கும் அதிகாரமில்லை என்று எழுதியிருந்தார்கள். அத்தனை வருடம் எழுதியதில் எனக்கு எதிர்த்து எழுதத் தோன்றாத பதில் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து. மாதாமாதம் மற்றவர்களின் பழைய புள்ளிகள் உதிர்ந்தன. அவளுடையது உதிரவில்லை. ஜூலையில் சில இடம் ஏறினாள். ஆகஸ்டிலும் ஏறினாள். ஒரு ஆட்டமும் ஆடாமல், அக்டோபரில் நம் நாட்டில் இரண்டாவதாக வந்துவிட்டாள். கிளப்பில் பட்டியலை வாசித்தபோது யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வில்சன் அண்ணன்தான் வழக்கம்போலத் தீர்த்துவைத்தார்: "உயிரோட இருந்தப்ப நாம எல்லாரும் சேந்து உந்தியும் ஏறல்ல. இப்ப ஒருத்தனுக்க தயவும் இல்லாத அவளே ஏறுதா. நீ இனி யாருக்கும் லெட்டர் எழுதப்பிடாது கேட்டியா, எறக்கி விட்டுருவானுவ."

நான் எழுதவில்லை, நவம்பர்ப் போட்டியின் புள்ளி போன மாதம் உதிர்ந்தது, பிப்ரவரிப் போட்டியின் புள்ளி பிப்ரவரி வரைக்கும் உண்டு.